இரவல் இழுவை: படகைக் கடலில் இறக்கிய ஊர்திகளின் வரலாறு

படகுகளின் வரலாற்றை எழுதியவர்கள் பெரும்பாலும் படகு நீரில் மிதக்கத் தொடங்கிய இடத்திலிருந்தே கதையைத் தொடங்கியுள்ளனர். கொட்டகையில் கிடந்த படகு நீர்விளிம்பு வரை எப்படி வந்தது, அதை எது இழுத்தது என்ற கேள்வி அவர்களைப் பெரிதாக ஈர்க்கவில்லை. துறைமுகம் உள்ள ஊரில் இக்கேள்விக்கு வேலை இல்லை. ஆனால் அலை நேராக வந்து மோதும் திறந்த கரைகளில் படகின் அமைப்பையும் கனத்தையும் இக்கேள்வியே தீர்மானித்தது. சோழமண்டலக் கரையில் இதற்கான விடை படகுக்குள்ளேயே இருந்தது. கட்டுமரத்தைக் கரை சேர்த்ததும் கயிற்றை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியாகத் தோளில் சுமந்து உலர வைக்கலாம் என்பதால், இழுப்பதற்கென ஒரு மாடுகூடத் தேவைப்படவில்லை. பிரிட்டனின் கடற்கரைகளில் நிலைமை வேறு. அங்கே புயல் நாளில் மூழ்கும் கப்பலைத் தேடிச் செல்ல வேண்டிய உயிர்காப்புப் படகு கனமாக இருந்தாக வேண்டும். படகு கனத்த அளவுக்கு அதை இழுக்க ஒரு துணை வேண்டியிருந்தது. அந்தத் துணை நெடுங்காலம் உழவரிடமிருந்தோ படையிடமிருந்தோ இரவலாகவே வந்தது. இன்று படகு வைத்திருப்பவர் எந்த நான்கு சக்கர இயக்க ஊர்தியை வாங்கலாம் என்று கணக்குப் பார்க்கிறார் என்றால், கடற்கரைக்கு அப்படித் தேர்ந்தெடுக்கும் வசதி மிக அண்மையில்தான் வாய்த்தது.

1824இல் சர் வில்லியம் ஹில்லரியின் முயற்சியால் தொடங்கப்பட்டு, 1854 முதல் ராயல் நேஷனல் லைஃப்போட் இன்ஸ்டிடியூஷன் என்ற பெயரில் இயங்கிவரும் அமைப்பு, பிரிட்டன், அயர்லாந்து கரைகளில் வரிசையாகப் படகு நிலையங்களை அமைத்தது. அவற்றுள் பல நிலையங்களில் படகு எப்போதும் ஒரு வண்டியின்மேல் ஏற்றப்பட்டே நின்றது. ஆள் உயரத்துக்கு நெருங்கிய பெரிய மரச்சக்கரங்களைக் கொண்ட அந்த வண்டியைக் கரையோரமாக இழுத்துச் சென்று, படகின் முகம் கடலைப் பார்க்கும்படி திருப்பி, அலைக்குள் தள்ளிவிடுவார்கள். துடுப்புக்காரர்கள் முன்னதாகவே படகில் ஏறித் துடுப்பை ஓங்கிய நிலையில் அமர்ந்திருப்பார்கள். வண்டியின் கப்பிகள் வழியாகச் செல்லும் கயிறுகளின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு குதிரைகளோ ஊராரோ கரைமேட்டை நோக்கி நடக்க, கயிறு படகை எதிர்த்திசையில் கடலுக்குள் உந்தித் தள்ளும். இழுப்பவர் நிலத்தை நோக்கி நடக்கப் படகு நீரை நோக்கிப் பாய்கின்ற இந்த ஏற்பாட்டில், இழுவை என்பது வலிமையைக் காட்டிலும் கால் ஊன்றுகிற பிடிமானத்தையே நம்பியிருந்தது. ஈரமணலில் கால் புதைகின்ற குதிரைக்கு எத்தனை வலிமை இருந்தும் பயனில்லை.

குதிரைகள் நிலையத்துக்குச் சொந்தமானவை அல்ல; பக்கத்துப் பண்ணைகளில் ஏர் உழுதுகொண்டிருந்தவை. எச்சரிக்கை வெடி கேட்டதும் உழவர் ஏரை அவிழ்த்துவிட்டுக் குதிரையை ஓட்டிக்கொண்டு கரைக்கு வருவார். அதற்கு ஊதியம் உண்டு. குதிரை கிடைக்காத இடங்களில் மனிதரே இழுத்தனர். கெண்ட் மாவட்டத்தின் டஞ்ஜனெஸ் முனையில், கூழாங்கற்கள் மட்டுமே நிறைந்த கரையில், மரச்சட்டங்களை வரிசையாகப் பரப்பி, அவற்றின்மேல் படகை இழுத்து இறக்கும் வேலையை மீனவர் வீட்டுப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்தனர்.

வண்டி, குதிரை, மனிதர் ஆகிய மூன்றின் எல்லையையும் ஒரே இரவில் சோதித்துப் பார்த்த நிகழ்ச்சி 1899 ஜனவரி 12 அன்று டெவன் மாவட்டத்தின் லின்மத் என்ற சிற்றூரில் நடந்தது. ஃபாரஸ்ட் ஹால் என்ற மூன்று பாய்மரக் கப்பல் போர்லாக் வளைகுடாவில் ஆபத்தில் இருப்பதாகத் தந்தி வந்தபோது, லின்மத் கரையில் அலைகளின் சீற்றத்தால் லூயிசா என்ற உயிர்காப்புப் படகை இறக்கவே இயலவில்லை. படகின் தண்டலாக இருந்த ஜாக் குரோகோம், படகைத் தரைவழியாகவே இழுத்துச் சென்று போர்லாக் வியர் என்ற இடத்தில் இறக்கலாம் என்று முடிவு செய்தார். தூரம் ஏறத்தாழ 13 மைல். இடையில் கவுன்டிஸ்பரி மேடு, நான்கடிக்கு ஓரடி ஏறும் செங்குத்தான பாதையாகக் குறுக்கே நின்றது. படகும் வண்டியுமாகப் பத்து டன் அளவுக்குக் கனத்த அந்தச் சுமையை இருபதுக்கு நெருங்கிய குதிரைகளும் நூறு பேரளவில் ஊராரும் மழையிலும் காற்றிலும் இழுத்தனர். பாதை வண்டியின் அகலத்துக்குப் போதாத இடத்தில் படகை வண்டியிலிருந்து கழற்றி, மரச்சட்டங்களின்மேல் இழுத்துச் சென்றனர்; வண்டி தனியாகத் தரிசு மேட்டைச் சுற்றி வந்து சேர்ந்தது. போர்லாக் இறக்கத்தில் வேலை தலைகீழானது. அதுவரை முன்னால் இழுத்தவர்கள் இப்போது பின்னாலிருந்து கயிற்றைப் பிடித்து, சுமை தம்மை முந்திக்கொண்டு ஓடாமல் தடுக்க வேண்டியிருந்தது. விடியும் முன் படகு கடலில் இறங்கியது. கப்பலில் இருந்த பதினெட்டுப் பேரும் பிழைத்தனர். இழுத்த குதிரைகளில் நான்கு களைப்பால் இறந்தன. இந்த நிகழ்ச்சியைப் படகோட்டிகளின் வீரக் கதையாகவே ஆங்கிலேயர் இன்றும் சொல்லிவருகின்றனர். ஆனால் இழுவையின் வரலாற்றைப் பார்ப்பவருக்கு இதில் தெரிவது வேறு. இழுப்பது ஒரு திறமை என்றால், இறக்கத்தில் பிடித்து நிறுத்துவது அதைவிடக் கடினமான திறமை. டிரெய்லர் எனப்படும் இழுவண்டி கனமானதாக இருந்தால் அதற்குத் தனி பிரேக் தேவை என்று இன்றைய சட்டங்கள் வற்புறுத்துவதும் இதே காரணத்துக்காகத்தான்.

முதல் உலகப் போர் குதிரைகளைப் பெருமளவில் களத்துக்கு அழைத்துச் சென்றது. போர் முடிந்தபின் பண்ணைகள் டிராக்டருக்கு மாறத் தொடங்கின. ஆகவே கடற்கரை குதிரையைக் கைவிட்டது என்று சொல்வதைவிட, உழவர் கைவிட்டதால் கடற்கரைக்கு இரவல் கிடைக்காமல் போயிற்று என்று சொல்வதே பொருந்தும். 1920இல் நார்ஃபோக் மாவட்டத்தின் ஹன்ஸ்டன்டன் கரையில், லிங்கன் நகரத்துக் கிளேட்டன் நிறுவனம் செய்த 35 குதிரைத்திறன் டிராக்டர் ஒன்று சோதித்துப் பார்க்கப்பட்டது. அதற்குச் சக்கரங்களுக்குப் பதிலாகச் சங்கிலிப்பட்டைகள் இருந்தன. அதாவது, இரும்புத் தகடுகளைக் கோத்த ஒரு பட்டை உருளைகளைச் சுற்றி ஓடித் தனக்கான பாதையைத் தானே விரித்துக்கொண்டு செல்லும். இதனால் எந்திரத்தின் எடை அகலமாகப் பரவுவதால் மணலில் புதையும் அச்சம் குறைகிறது. சோதனை வெற்றி பெற, அடுத்து வந்த ஆண்டுகளில் குதிரைகள் மெல்ல மெல்ல விடைபெற்றன. பின்னர் அமெரிக்கக் கேஸ் நிறுவனத்தின் பண்ணை டிராக்டர்களுக்கு, ரோட்லெஸ் டிராக்ஷன் என்ற ஆங்கில நிறுவனம் பின்புறச் சங்கிலிப்பட்டைகளைப் பொருத்திக் கொடுத்தது. அந்த நிறுவனத்தைத் தொடங்கிய ஃபிலிப் ஜான்சன், போரின்போது பீரங்கி வண்டிகளை வடிவமைத்தவர். வயலிலிருந்து பாதி, போர்க்களத்திலிருந்து பாதி என்று ஒட்டிப் போட்ட எந்திரம் அது. நீர் புகாதபடி எஞ்சினை மூடிக் கட்டியது மட்டுமே கடலின் பங்கு.

எந்திரம் வந்துவிட்டது என்பதற்காக எல்லாக் கரைகளும் உடனே மாறிவிடவில்லை. நெதர்லாந்தின் அமலாந்து தீவில் உள்ள ஹொல்லும் ஊரார், அப்ரஹாம் ஃபொக் என்ற உயிர்காப்புப் படகைக் குதிரைகளைக் கொண்டே இறக்கிவந்தனர். 1979 ஆகஸ்ட் 14 அன்று அவ்வாறு படகை இறக்கும்போது எட்டுக் குதிரைகள் கடலில் மூழ்கி இறந்தன. ஊரார் அவற்றைக் கரைக்கு அருகிலேயே புதைத்து நினைவிடம் எழுப்பினர். மக்கள் அளித்த நன்கொடையில் புதிய குதிரைகளை வாங்கி, 1988 வரை அதே முறையைத் தொடர்ந்தனர். இது பழமைப் பிடிவாதம் என்று தோன்றலாம். ஆயினும், பழகிய குதிரைக்கு எந்த இடத்தில் மணல் உறுதியானது என்பது தெரியும், எந்திரத்துக்கு அது தெரியாது என்ற நம்பிக்கையை முற்றிலும் மூடத்தனம் என்று தள்ளிவிட முடியாது.

சிறு படகுகளின் கதை வேறு வழியில் சென்றது. 1941 முதல் அமெரிக்கப் படைக்காகப் பெருமளவில் செய்யப்பட்ட வில்லிஸ் ஜீப், நான்கு சக்கர இயக்கத்தைச் சாதாரண மனிதர் ஓட்டும் அளவுக்குச் சிறிய ஊர்தியில் கொண்டுவந்தது. எஞ்சினின் ஆற்றல் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் பிரிந்து செல்வதே நான்கு சக்கர இயக்கம். அதைப் பிரித்து அனுப்பும் பெட்டிக்கு மாற்றுப் பெட்டி என்று பெயர் சொல்லலாம். அந்தப் பெட்டியிலேயே மேலும் ஒரு ஜோடிப் பல்சக்கரங்கள் இருக்கும். அவற்றை இணைத்தால் ஊர்தி மனிதர் நடக்கும் வேகத்தில் ஊர்ந்தபடி பன்மடங்கு இழுவிசையைத் தரும். போர் முடிந்தபின் மிஞ்சிய ஜீப்புகள் உலகெங்கும் மலிவு விலையில் விற்கப்பட்டன. வேல்ஸின் ஆங்கில்சி தீவில் இருந்த தம் பண்ணைக்கு அப்படி ஒன்றை வைத்திருந்த ரோவர் நிறுவனத்தின் மாரிஸ் வில்க்ஸ், 1947இல் ரெட் வார்ஃப் வளைகுடாவின் மணலில், தாம் செய்ய நினைத்த ஊர்தியின் வடிவத்தைக் கோடிட்டுக் காட்டினார் என்பது அந்நிறுவனத்தின் வரலாற்றில் நிலைபெற்ற செய்தி. 1948 ஏப்ரல் 30 அன்று ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் லேண்ட் ரோவர் என்ற பெயரில் வெளிவந்த அந்த ஊர்தி, பண்ணைக்காக எண்ணப்பட்டது; எஞ்சினின் சுழற்சியைப் பின்னால் எடுத்து அறுவடைக் கருவிகளை ஓட்டும் வசதியும் அதற்கு இருந்தது. கடற்கரை மணலில் வரையப்பட்ட வடிவம் உழவருக்காகப் போய், மீண்டும் உழவரிடமிருந்து கடற்கரைக்கு இரவலாக வந்து சேர்ந்தது.

அது கரைக்கு உகந்ததாக அமைந்ததற்குக் காரணம் எஞ்சினின் வலிமை அல்ல, 1.6 லிட்டர் எஞ்சின் தந்த திறன் 50 குதிரைத்திறன் மட்டுமே. படகை ஏற்றி இறக்குவதற்காகக் கடலுக்குள் சாய்வாகக் கட்டப்பட்ட கற்காரைத் தளத்தைக் கவனித்தால் உண்மைக் காரணம் விளங்கும். ஓதம் ஏறும்போது மூழ்கி, வற்றும்போது வெளிப்படும் கீழ்ப்பகுதியில் பச்சைப்பாசி படர்ந்திருக்கும். ஊர்தியின் பின்சக்கரங்கள் அந்தப் பாசியின்மேலும், முன்சக்கரங்கள் மேலே உலர்ந்த பகுதியிலும் நிற்கும். பின்சக்கரம் மட்டும் சுழலும் காருக்குப் பாசியில் பிடி கிடைக்காது. முன்சக்கரம் மட்டும் சுழலும் காருக்கோ, படகின் எடை பின்னால் இழுப்பதால் முன்பக்கம் இலேசாகி உலர்ந்த தளத்திலும் டயர் வழுக்கும். நான்கும் சுழல்கிற ஊர்தி இரண்டு இடங்களிலும் கிடைக்கிற பிடிமானத்தைச் சேர்த்துக்கொள்கிறது. மாற்றுப் பெட்டியின் ஊரும் கியரோ, கிளட்சைத் தேய்த்துப் புகைய விடாமல், அங்குலம் அங்குலமாக மேலேற வழி செய்கிறது. குதிரை ஓட்டியவர்கள் கால் ஊன்றும் இடத்தைப் பார்த்தது போலவே, ஊர்தியைத் தேர்ந்தெடுப்பவரும் குதிரைத்திறனுக்கு முன்னால் பிடிமானத்தைப் பார்க்க வேண்டியிருந்தது.

1950களுக்குப் பின் கண்ணாடியிழைப் படகுகள் மலிவானபோது, கடலோரத்தில் வாழாத குடும்பங்களும் படகை வீட்டு முற்றத்தில் நிறுத்திவைத்து, விடுமுறை நாளில் டிரெய்லரில் இழுத்துச் செல்லத் தொடங்கின. உயிர்காப்பு அமைப்பும் 1963இல் காற்றடைத்த ரப்பர் படகுகளை அறிமுகம் செய்தது; இவற்றை இழுக்கப் பெரிய டிராக்டர் தேவைப்படவில்லை, பல நிலையங்களில் ஒரு லேண்ட் ரோவரே போதுமானதாக இருந்தது. இப்போது ஊர்தியிடம் கேட்கப்பட்டவை ஒன்றுக்கொன்று முரண்பட்டன: நெடுஞ்சாலையில் நூறு மைல் நிதானமாக ஓட வேண்டும், ஊர் சேர்ந்ததும் பாசி படர்ந்த சரிவில் ஊர வேண்டும். ஓட்டுநர் வேண்டும்போது மட்டும் நான்கு சக்கர இயக்கத்தை இணைத்துக்கொள்ளும் பழைய முறையில், தார்ச்சாலையில் அதை இணைத்து ஓட்டினால், வளைவுகளில் முன்சக்கரமும் பின்சக்கரமும் வெவ்வேறு தூரம் ஓட வேண்டியிருப்பதால் அச்சுகள் முறுக்கேறி இறுகிவிடும். 1970 ஜூனில் வெளிவந்த ரேஞ்ச் ரோவர், இரண்டு அச்சுகளுக்கும் இடையே வேக வேறுபாட்டைத் தாங்கிக்கொள்ளும் நடுப் பல்லிணையை வைத்து நிரந்தர நான்கு சக்கர இயக்கத்தைத் தந்தது, 3.5 லிட்டர் எட்டு உருளை எஞ்சினும் சுருள்வில்களும் நெடுஞ்சாலைப் பயணத்தை இலகுவாக்கின. படகுக்காரர்கள் அதை விரும்பியதற்கு ஆடம்பரம் மட்டுமே காரணம் அல்ல.

கடற்கரைக்கென்றே செய்யப்பட்ட எந்திரம் இத்தனைக்கும் பிறகுதான் தோன்றியது. வேல்ஸின் உள்நாட்டு ஊரான நைட்டனில், கடல் எட்டிக்கூடப் பார்க்காத இடத்தில், டாலஸ் என்ற பெயரில் நீர்புகாத டிராக்டர்கள் 1970களிலிருந்து உருவாயின. 2010களில் ஷானன் வகை உயிர்காப்புப் படகுக்காக டெவன் மாவட்டத்தின் சூப்பாகேட் நிறுவனம் செய்த இழுவை எந்திரம், 18 டன் படகைச் சுமந்துகொண்டு 2.4 மீட்டர் ஆழம் வரை நீருக்குள் செல்லும். படகு கரைக்குத் திரும்பியதும் சுழல்மேடையின்மேல் அதைத் திருப்பி, முகம் கடலைப் பார்க்க மீண்டும் நிறுத்தும். எந்திரம் நீருக்குள் நின்றுபோனால், ஓட்டுநர் அறையையும் எஞ்சினையும் இறுக மூடிவிட்டு வெளியேறலாம். 9 மீட்டர் ஆழத்தில் மூழ்கினாலும் ஓதம் வற்றியபின் மீட்கக்கூடியபடி அது அமைந்துள்ளது.

தனி உரிமையாளருக்கு அத்தகைய எந்திரம் எட்டாக்கனி. அவர் இன்றும் பொதுச்சாலை ஊர்தியையே கடலுக்குக் கொண்டுசெல்கிறார், எனவே உப்பு அவருடைய கணக்கில் முதலிடம் பெறுகிறது. நெடுந்தூரம் ஓடிச் சூடேறிய டிரெய்லரின் சக்கர பேரிங்குகள் குளிர்ந்த நீரில் மூழ்கியதும், உள்ளிருக்கும் காற்று சுருங்கி உப்புநீரை உறிஞ்சிக்கொள்ளும். இதனால்தான் பழகியவர்கள் கரை சேர்ந்ததும் உடனே இறக்காமல் சற்று நேரம் காத்திருந்து சக்கரங்களை ஆறவிடுகின்றனர். லேண்ட் ரோவரின் உடல், போருக்குப் பிந்தைய எஃகுத் தட்டுப்பாட்டினால், துருப்பிடிக்காத அலுமினியக் கலவையில் செய்யப்பட்டது. ஆனால் உடலைத் தாங்கும் சட்டகம் எஃகுதான், உப்பு அதையே தேடிச் சென்று அரித்தது. 1948இல் விற்பனைக்கு முன் முன்னோட்டமாகச் செய்யப்பட்ட சில டஜன் ஊர்திகளின் சட்டகங்களுக்குத் துத்தநாக முலாம் பூசப்பட்டிருந்தது. விற்பனைக்கு வந்த ஊர்திகளுக்குச் சாயம் மட்டுமே பூசப்பட்டது. பழைய லேண்ட் ரோவரைப் படகிழுக்க வைத்திருப்பவர்கள் இன்று அரித்துப்போன சட்டகத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, துத்தநாக முலாம் பூசிய புதிய சட்டகத்தைத் தனியே வாங்கிப் பொருத்திக்கொள்கின்றனர்.