சதை என்று பெயர், வலியோ நரம்பில்

“நரம்பு சுண்டி இழுக்குது” என்பார்கள் கலசப்பாக்கத்தில். இடுப்பில் பிடித்துப் பின்தொடை வழியே கணுக்கால் வரை ஓடும் வலி அது. ‘நரம்பு’ என்ற சொல்லுக்கு அங்கே வயது அதிகம். சங்க நூலான மலைபடுகடாம் பாடும் நவிரமலை, ஊருக்கு அருகே நிற்கும் பர்வதமலையே என்பது அறிஞர் கருத்து. அந்த நூலில் வரும் சேயாறு, ஜவ்வாது மலையில் பிறந்து வரும் இன்றைய செய்யாறு. அந்தப் பாட்டின் கூத்தர்களுக்கு நரம்பு என்றால் யாழின் தந்தி, முறுக்கிக் கட்டியது, தொட்டால் அதிர்வது. கிரேக்கரின் ‘நியூரான்’ என்பதும் முதலில் தசைநாரும் வில்லின் நாணும்தான்.

இந்த வலிக்குக் காரணம் பெரும்பாலும் பிதுங்கிய டிஸ்க். மிக அபூர்வமாக சார்காய்டோசிஸ் என்னும் நோய். இந்தப் பெயரில் நரம்பே இல்லை. ‘சார்க்ஸ்’ சதை, ‘ஆய்டு’ போன்றது. (‘சதை தின்னி’ என்று பொருள்படும் சார்கோஃபேகஸ் கல்சவப்பெட்டியும் இதே வேர்.) 1898-இல் லண்டன் மருத்துவர் ஹட்சின்சன், தன் நோயாளியின் பெயரையே வைத்து ‘மார்ட்டிமர் நோய்’ என்றார், நல்ல வேளை, நிலைக்கவில்லை. மறு ஆண்டு நார்வேயின் தோல் மருத்துவர் சீசர் போக், தோல் கட்டியை நுண்ணோக்கியில் பார்த்தார். சார்கோமா என்னும் புற்றின் சாயல் தெரிந்தது, ஆனால் கொடியதல்ல என்று நினைத்தார். ‘சார்காய்டு’ பிறந்தது அப்படித்தான். பத்தே ஆண்டில், 1909-இல், டென்மார்க்கின் கண் மருத்துவர் ஹேர்ஃபோர்ட் கண் அழற்சி, கன்னச் சுரப்பி வீக்கம், காய்ச்சலோடு முகவாதத்தையும் சேர்த்து விவரித்தார். அதுவும் இதே நோய் என்பது பின்னால் தெரிந்தது. நோய் நரம்புக்குள் புகுந்தது தெரிந்த பிறகும் பெயர் தோலிலேயே நின்றுவிட்டது.

இந்நோயாளிகளில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கு நரம்பு மண்டலம் பாதிக்கப்படுகிறது. முகநரம்புதான் அதிகம் அடிபடும். தண்டுவட நரம்பு வேர் அரிது. அந்த வேரின் பாதிப்புக்குப் பெயரான ‘ராடிகுலோபதி’ என்பதில் உள்ள ‘ராடிக்ஸ்’ லத்தீனில் வேர். ஆங்கிலத்தில் முள்ளங்கிக்குப் பெயர் கொடுத்ததும் அதுவே. எதிர்ப்பு அணுக்கள் கூடிச் சிறு மணிகளாகத் திரண்டு அந்த வேரை வீங்க வைக்கின்றன, அழுத்துகின்றன. காசநோயிலும் இத்தகைய மணிகள் உண்டு. அங்கே நடுப்பகுதி பெரும்பாலும் அழுகிப் பாலாடைக்கட்டி போலாகும். நம் ஊரில் முதல் சந்தேகம் காசநோய் மேல் விழுவது சரியே. சார்காய்டோசிஸுக்குத் தரும் ஸ்டீராய்டு, காசநோயாக இருந்தால் அதை முற்றச் செய்துவிடும். அதனால்தான் திசுப் பரிசோதனை கேட்கிறார்கள்.

நுரையீரலுக்கோ தோலுக்கோ சார்காய்டோசிஸ் என்று முன்பே சீட்டு வாங்கியவர்கள், கால் மரத்தாலோ சிறுநீர் அடைத்தாலோ வாயுப்பிடிப்பு என்று தைலம் தேய்த்துக் காத்திராதீர்கள். பழைய சீட்டை எடுத்துக்கொண்டு அன்றே மருத்துவரிடம் போங்கள்.