கற்பனைப் பொன்னுலகும் உழைப்பு நேரமும்

குறைகள் நீங்கிய ஒரு சமுதாயத்தைக் கற்பனையில் படைத்துக் காட்டும் எழுத்து உலக இலக்கியத்தில் 'உட்டோப்பியா' எனப்படுகிறது. தமிழில் இதனைக் கற்பனைப் பொன்னுலகு எனலாம். இதற்கு எதிராக, அச்சமும் அடக்குமுறையும் நிறைந்த வருங்காலத்தைக் காட்டும் எழுத்து 'டிஸ்டோப்பியா', அதாவது தீயுலகு எனப்படுகிறது. பொன்னுலகைப் படைத்த எழுத்தாளர்கள் பலரும் எண்ணிப் பார்த்த ஒரு கேள்வி உண்டு. அந்த உலகில் மனிதர் நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் உழைக்க வேண்டும் என்பதே அது. காஞ்சிபுரம் மாவட்டம் வல்லம் வடகால் போன்ற தொழிற்பகுதிகளில் இக்கேள்வி இன்றும் உயிருடன் இருக்கிறது.

சொல்லின் தோற்றம்

ஆங்கிலேய அறிஞர் தாமஸ் மோர் 1516இல் இலத்தீன் மொழியில் வெளியிட்ட நூலில் ஒரு கற்பனைத் தீவுக்கு 'உட்டோப்பியா' என்று பெயரிட்டார். கிரேக்க வேர்ச்சொற்களின்படி இதற்கு 'எங்கும் இல்லாத இடம்' என்று பொருள். 'நல்ல இடம்' என்ற பொருளும் ஒலியில் மறைந்திருக்கிறது. அத்தீவில் தனிச்சொத்து இல்லை. எல்லோரும் நாளொன்றுக்கு ஆறு மணி நேரம் மட்டுமே உழைக்கின்றனர். சோம்பியிருப்போர் எவருமில்லாததால் அந்த உழைப்பே அனைவருக்கும் போதுமானதாகிறது.

ஆனால் அத்தீவில் அடிமைகளும் உண்டு. விலங்குகளை வெட்டுவது போன்ற வேலைகள் அவர்களுக்கே ஒதுக்கப்பட்டுள்ளன. குடிமக்களும் அனுமதிச் சீட்டு இல்லாமல் வேறு ஊருக்குப் பயணம் செய்ய முடியாது. பிறர் வகுத்துத் தரும் நல்வாழ்வில் நுழையக்கூடிய குறை இந்த முதல் நூலிலேயே தென்படுகிறது.

தமிழ் மரபில்

தமிழில் இக்கருத்து மிகப் பழமையானது. திருக்குறளின் 'நாடு' அதிகாரம் கடும்பசியும் தீராப் பிணியும் அழிக்கும் பகையும் இல்லாததையே நாட்டின் இலக்கணமாகக் கூறுகிறது. கம்பர் தம் கோசல நாட்டில் வறுமையே இல்லாததால் வள்ளல்தன்மைக்கும் அங்கு இடமில்லை என்று காட்டுகிறார். கொடுப்பவரின் பெருமையைப் பாடுவதைவிடக் கேட்பவர் இல்லாத நிலையைப் பாடுவது உயர்ந்த கற்பனையாகும்.

மணிமேகலைக் காப்பியம் வேறொரு வழியில் செல்கிறது. அமுதசுரபியைப் பெற்ற மணிமேகலை சிறையில் இருந்தவர்களின் பசியைத் தீர்க்கிறாள். அவளுக்கு வேண்டுவது யாது என்று சோழ மன்னன் வினவும்போது, சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றித் தருமாறு கேட்கிறாள். அது அவ்வாறே மாற்றப்படுகிறது. தொலைவில் உள்ள ஒரு தீவைத் தேடாமல், ஊரின் மிகத் துன்பமான இடத்திலிருந்தே மாற்றத்தைத் தொடங்கும் சிந்தனை இது. 1867இல் வடலூரில் வள்ளலார் தொடங்கிய சத்திய தருமச்சாலையும் இம்மரபில் வைத்து எண்ணத்தக்கது. அங்கு அன்னதானம் இன்றும் தொடர்கிறது.

சென்னையில் அச்சான பெண்ணுலகு

நவீன இந்தியாவின் குறிப்பிடத்தக்க பொன்னுலகுக் கதைகளுள் ஒன்று சென்னையில் அச்சேறியது. வங்காளத்தைச் சேர்ந்த பேகம் ரொக்கையா (1880–1932) ஆங்கிலத்தில் எழுதிய 'சுல்தானாவின் கனவு', கமலா சத்தியநாதன் சென்னையில் நடத்திய 'இந்தியன் லேடீஸ் மேகசின்' இதழில் 1905இல் வெளிவந்தது.

கதையில் வரும் நாட்டைப் பெண்களே ஆள்கின்றனர். ஆண்கள் வீட்டுக்குள் அடைபட்டிருக்கின்றனர். பெண்கள் பல்கலைக்கழகங்களில் ஆராய்ச்சி செய்து, சூரிய வெப்பத்தால் சமைக்கவும் வானிலிருந்து நீரைப் பெறவும் வழி காண்கின்றனர். அங்கு வேலை நேரம் இரண்டு மணி மட்டுமே. இது எப்படிப் போதும் என்று கதைசொல்லி வியக்கிறாள். நாளுக்குப் பன்னிரண்டு சுருட்டுப் பிடிக்கும் ஆண் அதிலேயே ஆறு மணி நேரத்தை வீணாக்குகிறான் என்று அவளுக்குக் கணக்குக் காட்டப்படுகிறது. நகைச்சுவையாகச் சொல்லப்பட்டாலும், வீதியில் அச்சமின்றி நடக்கும் பெண் என்னும் கற்பனை அக்காலத்தில் பெரும் துணிவாகும்.

பெரியாரின் 'இனிவரும் உலகம்'

1940களில் வெளிவந்த 'இனிவரும் உலகம்' தமிழில் பலரும் அறிந்த பொன்னுலகுச் சித்திரம். கதையாக எழுதாமல், பகுத்தறிவின் துணைகொண்டு வருங்காலத்தைக் கணித்துச் சொல்லும் முறையில் பெரியார் இதனை அமைத்தார். கம்பியில்லாச் செய்திக் கருவி ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்கும் என்று அதில் கூறினார். இயந்திரங்கள் பெருகுவதால் மனிதனின் உடலுழைப்பு வெகுவாகக் குறையும் என்றும், ஆண்டான்–அடிமை நிலை நீங்கும் என்றும் எதிர்பார்த்தார்.

இவற்றுள் முதற்கணிப்பு கண்முன் நிறைவேறியுள்ளது. சட்டைப்பைக் கருவியான கைப்பேசி இன்று ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்திலேயே தயாராகிறது. ஆனால் அதனை உருவாக்குபவரின் உழைப்பு நேரம் அவ்வாறு குறைந்துவிடவில்லை.

பொன்னுலகு தீயுலகாகும் இடம்

இயந்திரம் வந்தால் ஓய்வு தானாக வந்துவிடாது என்பதை இருபதாம் நூற்றாண்டின் தீயுலகுப் புதினங்கள் எச்சரித்தன. ருஷ்ய எழுத்தாளர் ஜாமியாட்டினின் 'நாம்' புதினம் 1924இல் ஆங்கில மொழிபெயர்ப்பாக வெளிவந்தது. அதில் மனிதருக்குப் பெயர் இல்லை, எண் மட்டுமே உண்டு. கண்ணாடிச் சுவர் வீடுகளில், ஒரே கால அட்டவணைப்படி அனைவரும் எழுந்து, உண்டு, உழைக்கின்றனர்.

ஆல்டஸ் ஹக்ஸ்லி 1932இல் எழுதிய புதினத்தின் மக்கள் ஹென்றி ஃபோர்டைத் தெய்வம்போல் போற்றுகின்றனர். ஃபோர்டின் 'மாடல் டி' கார் வெளிவந்த 1908ஆம் ஆண்டிலிருந்தே அவர்களது ஆண்டுக் கணக்கு தொடங்குகிறது. இக்கற்பனைக்கு நடப்பிலேயே அடிப்படை இருந்தது. ஃபோர்டு நிறுவனம் 1914இல் எட்டு மணி நேர வேலையையும் ஐந்து டாலர் நாள்வருவாயையும் அறிவித்தது. அவ்வருவாயை முழுமையாகப் பெறத் தொழிலாளர் 'ஒழுங்காக' வாழ்கின்றனரா என்று அறிய, அவர்கள் வீடுகளுக்கே ஆய்வாளர்களை அனுப்பியது. நன்மையும் கண்காணிப்பும் ஒரே கையால் வழங்கப்பட்டன.

சட்டமும் வேலை நேரமும்

இலக்கியம் கனவாகச் சொன்ன நேரக் குறைப்பைத் தொழிலாளர்கள் போராட்டத்தால் பெற்றனர். எட்டு மணி நேர வேலைக் கோரிக்கையுடன் பிணைந்த மே நாளை இந்தியாவில் முதன்முதலாக 1923இல் சென்னையில் கொண்டாடியவர் ம. சிங்காரவேலர். பின்னர் 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் நாளுக்கு 9 மணி, வாரத்திற்கு 48 மணி என்று வரம்பு விதித்தது.

சிங்காரவேலரின் மே நாளுக்குச் சரியாக நூறு ஆண்டுகள் கழித்து, 2023 ஏப்ரல் 21இல், 12 மணி நேர வேலைக்கு இடமளிக்கும் சட்டத்திருத்த முன்வடிவு தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்களும் ஆளுங்கட்சியின் தோழமைக் கட்சிகளும் எதிர்த்தன. மூன்றே நாளில் அது நிறுத்திவைக்கப்பட்டது. மே 1 அன்று திரும்பப் பெறப்படுவதாக அறிவிக்கப்பட்டது.

வல்லம் வடகால்

ஏரிப்பாசன வேளாண்மை நடந்த ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பகுதி இன்று கார், மோட்டார் சைக்கிள், மின்னணுப் பொருள் ஆலைகளின் தொடராக மாறியுள்ளது. அத்தொடரில் உள்ள வல்லம் வடகாலில் சிப்காட் தொழிற்பூங்கா அமைந்துள்ளது. இங்கு 706.50 கோடி ரூபாய் செலவில், 18,720 பெண் தொழிலாளர்கள் தங்குவதற்கான விடுதிக் குடியிருப்பு 13 கட்டடங்களாக எழுப்பப்பட்டு, 2024 ஆகஸ்ட் 17 அன்று திறக்கப்பட்டது. ஃபாக்ஸ்கான் ஆலையில் பணிபுரியும் பெண்களுக்காக அமைக்கப்பட்ட இக்குடியிருப்பு, மக்கள்தொகை அளவில் ஒரு சிற்றூருக்கு ஒப்பானது.

இதன் தேவை கண்கூடானது. 2021 டிசம்பரில், பூந்தமல்லி அருகே ஒரு விடுதியில் உண்ட உணவால் மின்னணு ஆலைப் பெண் தொழிலாளர்கள் பலர் நோயுற்றனர். அவர்களுடைய தோழியர் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்து மறியல் செய்தனர். தங்குமிடத்தின் நிலை பொதுப்பேச்சானது அதன் பிறகுதான்.

ரொக்கையாவின் கனவில் பெண்கள் கல்வி கற்று, தம் வருவாயில், அச்சமின்றி வாழ்ந்தனர். வெளி மாவட்டச் சிற்றூர்களிலிருந்து வந்து மாதச் சம்பளத்தில் வீட்டுக்குப் பணம் அனுப்பும் இப்பெண்கள் அக்கனவின் ஒரு பகுதியை அடைந்துள்ளனர். இரண்டு மணி நேர வேலை இன்னும் கனவாகவே உள்ளது. உறைவிடமும் உணவும் வேலை நேரமும் பிறரால் வகுக்கப்படும் வாழ்வில் மோரின் அனுமதிச் சீட்டும் ஃபோர்டின் ஆய்வாளரும் நினைவுக்கு வருவது இயல்பு.

பொன்னுலகையும் தீயுலகையும் பிரிப்பது கட்டடத்தின் உயரமோ இயந்திரத்தின் திறனோ அன்று. உள்ளே வாழ்பவர் 'இது போதாது' என்று சொல்லும்போது அது கேட்கப்படுகிறதா என்பதே இரண்டுக்கும் இடையிலான எல்லை. நெடுஞ்சாலையில் அமர்ந்த பெண்கள் சொன்னதும் அதுவே. அச்சொல் சாலைக்கு வராமலேயே கேட்கப்படும் நாளில், எங்கும் இல்லாத இடம் சற்று அருகில் வந்திருக்கும்.