ஒரு மாசக் கூலி

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எனக்கு முன்னால் பேசிவிட்டு, அரங்கத்துக் கைதட்டலை எல்லாம் மொத்தமாக மூட்டை கட்டிக்கொண்டு போய் உட்கார்ந்திருக்கிற எதிரணிச் சகோதரி அவர்களே! இங்கேயும், அவரவர் வீட்டுக் கூடத்திலேயும் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிற பெரியோர்களே, தாய்மார்களே!

"விளையாட்டில் சாதிக்கப் பெரிதும் தேவை மன உறுதியா? பண வசதியா?" என்று தலைப்புக் கொடுத்தீர்கள். சகோதரி என்ன கேட்டார்? கிரிக்கெட்டுக்கு மட்டை வேணும், டென்னிசுக்கு ராக்கெட் வேணும், ஓட்டத்துக்கு இரண்டு கால் போதாதா என்று கேட்டார். 1960-ல் ரோம் நகரத்தில் எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா காலில் செருப்புகூட இல்லாமல் ஓடி மாரத்தானில் தங்கம் வாங்கினாரே, அவர் பையில் என்ன காசு இருந்தது என்று கேட்டார். நானும் கைதட்டினேன். (சிரிப்பு)

ஆனால் நடுவர் அவர்களே, அந்தக் கதையில் சகோதரி ஒரு பக்கத்தைப் புரட்டாமல் விட்டுவிட்டார். பிகிலா யார்? பேரரசர் ஹெய்லி செலாசியின் மெய்க்காவல் படையில் ஒரு சிப்பாய். மாசம் பிறந்தால் சம்பளம். பயிற்சி கொடுக்க ஸ்வீடன் நாட்டிலிருந்து வந்த ஒன்னி நிஸ்கானன். குடியிருந்த ஊர் அடிஸ் அபாபா. கடல் மட்டத்துக்கு மேல் 2,300 மீட்டருக்கும் கூடுதலான உயரம். காலில் செருப்பு இல்லை, ஒத்துக்கிறேன். செருப்பைத் தவிர மற்றது எல்லாம் இருந்ததா இல்லையா? (கைதட்டல்)

அந்த "உயரம்" என்கிற சொல்லைக் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். என் வழக்கே அதில்தான் இருக்கு.

1963 அக்டோபரில் ஜெர்மனியின் பாடன்பாடன் நகரத்தில் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி கூடியது. 1968 ஒலிம்பிக்கை மெக்ஸிகோ நகரத்துக்குக் கொடுத்தது. மெக்ஸிகோ நகரத்தின் உயரம் 2,240 மீட்டர். அதுவரை அத்தனை உயரத்தில் ஒலிம்பிக் நடந்தது கிடையாது. உடனே உலகம் பூராவும் டாக்டர்கள் பதறினார்கள்.

ஏன் பதறினார்கள்? மலை மேலேயும் காற்றில் ஆக்சிஜன் பங்கு அதே 21 சதவிகிதம்தான். ஆனால் காற்றின் அழுத்தம் குறைவு. அதனால் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகிற ஆக்சிஜன் குறைவு. உடம்பு சும்மா இருக்குமா? சிறுநீரகம் ஒரு ஹார்மோனைச் சுரந்து எலும்பு மஜ்ஜைக்குத் தந்தி அடிக்குது: "சிவப்பணுவை அதிகப்படுத்து!" மஜ்ஜை வேலையை ஆரம்பிக்குது. ஆனால் அது அரசாங்க ஆபீஸ் மாதிரி, உடனே நடக்காது. (சிரிப்பு) மூன்று, நான்கு வாரம் ஆகும். கீழே இறங்கி வந்தால் சில வாரத்தில் அந்த லாபம் கரைந்தும் போகும். மறுபடி போகணும், மறுபடி தங்கணும்.

1953-ல் எவரெஸ்ட் ஏறிய குழுவோடு போய் ஆக்சிஜன் கணக்குப் போட்டவர் கிரிஃபித் பியூ என்கிற ஆங்கிலேய விஞ்ஞானி. அவரையே 1965-ல் ஆறு ஓட்டக்காரர்களோடு பிரிட்டன் மெக்ஸிகோவுக்கு அனுப்பியது. போன புதிதில் மூன்று மைல் ஓட்டத்தில் அவர்கள் நேரம் சொந்த ஊர் நேரத்தைவிட எட்டரை சதவிகிதம் கூடிப் போனது. நான்கு வாரம் தங்கிய பிறகும் ஐந்தே முக்கால் சதவிகிதம் பின்தங்கித்தான் இருந்தார்கள். போனதும் ஓட முடியாது, ஒரு மாசம் இருந்தால் ஓரளவு ஓடலாம் என்று ஆகிவிட்டது.

விடுவார்களா பணக்கார நாடுகள்? பிரான்ஸ் பிரெனீஸ் மலையில் 1,850 மீட்டர் உயரத்தில் ஃபோன் ரோமூ என்கிற இடத்தில் பயிற்சி நிலையம் கட்டியது. சோவியத் யூனியன் ஆர்மீனியாவின் சாக்காட்சோரில் கட்டியது. அமெரிக்கா கலிபோர்னியாவில் எக்கோ சமிட் என்கிற மலைக்காட்டில், மரங்களை அப்படியே நடுவில் விட்டுவிட்டுச் சுற்றி ஓடுதளம் போட்டது. ஓடுகிற வீரன் மரத்துக்குப் பின்னால் மறைந்து மறுபடி வருவானாம்! நம்ம ஊரில் மைதானம் போட முதலில் மரத்தைத்தான் வெட்டுவோம், அது வேற விஷயம்.

ஒலிம்பிக் கமிட்டிக்கு இது உறுத்தியது. போட்டிக்கு முந்தைய மூன்று மாதத்தில் நான்கு வாரத்துக்கு மேல் மலையில் விசேஷப் பயிற்சி கூடாது என்று விதி போட்டார்கள். ஏழை நாட்டுக்கும் நியாயம் செய்துவிட்டோம் என்று நினைத்தார்கள். ஆனால் நடுவர் அவர்களே, அன்றைக்கு இன்னொரு விதியும் இருந்தது. ஒலிம்பிக் வீரன் அமெச்சூராக இருக்கணும். ஓட்டத்தால் பிழைக்கக் கூடாது. வயிற்றுக்கு வேறு தொழில் இருக்கணும். அப்படியானால் அந்த நான்கு வாரம் அவன் அடுப்பை எரிப்பது யார்? அந்தக் கேள்விக்கு விதிப்புத்தகத்தில் பதில் இல்லை.

ரான் கிளார்க்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரத்துக்காரர். கணக்கர் வேலை. 1965-ல் ஆஸ்லோவில் 10,000 மீட்டரை 27 நிமிடம் 39.4 வினாடியில் ஓடி உலக சாதனை வைத்திருந்தார். செக் வீரர் எமில் ஸாட்டோபெக், தான் ஜெயித்த தங்கப் பதக்கம் ஒன்றையே அவருக்குக் கொடுத்தார் என்றால் மதிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். மெக்ஸிகோவுக்கு முன்னால் ஐரோப்பாவின் மலையில் பயிற்சியும் எடுத்துத்தான் வந்தார். என்ன நடந்தது? கடைசிச் சுற்றில் நினைவே இல்லை. ஆறாவதாக வந்து கோட்டைத் தாண்டியதும் விழுந்தார். முகத்தில் ஆக்சிஜன் கருவி வைத்தார்கள். அணி டாக்டர் பக்கத்திலேயே மண்டியிட்டு அழுதார். நேரம் 29 நிமிடம் 44.8 வினாடி, தன் சாதனையைவிட இரண்டு நிமிடத்துக்கும் மேலே கூடுதல்.

ஜெயித்தது யார்? கென்யாவின் நஃப்தாலி டெமு, ராணுவச் சிப்பாய். இரண்டாவது எத்தியோப்பியாவின் மாமோ வோல்டே. பிகிலாவைப் போலவே மெய்க்காவல் படை. மூன்றாவது துனீசியாவின் முகமது கம்மூடி, அவரும் ராணுவம். 1,500 மீட்டரில் தங்கம் வாங்கிய கிப்சோகே கெய்னோ போலீஸ்காரர். மலை நாட்டில் பிறந்தவர்களுக்கு அந்தக் காற்று தாய்ப்பால் மாதிரி, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் துனீசியா மலைநாடு கிடையாதே! இந்த நாலு பேருக்கும் பொதுவாக இருந்தது என்ன? சீருடை! ஓடின நாளுக்கும் சம்பளம் வெட்டு இல்லாத உத்தியோகம்! (பலத்த கைதட்டல்)

"எதற்கையா வெளிநாடு, நம்ம ஊட்டி இருக்கே?" என்று அந்த ஐயா முன்வரிசையில் முணுமுணுக்கிறார். சரியான கேள்வி. ஊட்டியின் உயரம் எவ்வளவு தெரியுங்களா? 2,240 மீட்டர். மெக்ஸிகோ நகரத்தின் அதே உயரம்! நம்ம நாட்டு ஓட்டக்காரர்கள் அங்கே முகாம் போட்டுப் பயிற்சி எடுத்ததும் உண்டு.

நான் மேட்டுப்பாளையம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டராக இருந்தவன். 1994-ல் என்னிடம் ஒரு பையன் ஓடிக்கொண்டிருந்தான். பிளஸ் டூ முடித்துவிட்டு உருளைக்கிழங்கு மண்டியில் மூட்டை தூக்குகிற பையன். விடியக்காலம் ஓடிவிட்டு மண்டிக்குப் போவான். மாநிலப் போட்டிக்கு முன்னால் ஒரு மாசம் அவனை ஊட்டியில் வைத்துப் பழக்கினால் தேறிவிடுவான் என்று எனக்குத் தோன்றியது. தங்க ஒரு சிநேகிதர் வீட்டில் இடமும் சொல்லி வைத்துவிட்டேன். அவன் அப்பாவைப் போய்ப் பார்த்தேன். அவர் கோபப்படவில்லை. கட்டிலைத் துண்டால் தட்டிவிட்டு உட்காரச் சொன்னார். "பஸ் காசு நான் தரனுங்க மாஸ்டர். ஒரு மாசக் கூலியை யாருங்க தருவாங்க?" என்றார்.

இந்த ஒரு கேள்விக்குத்தான் மெக்ஸிகோவிலும் பதில் இல்லை, மேட்டுப்பாளையத்திலும் பதில் இல்லை.

1997-ல் அமெரிக்காவில் லெவின், ஸ்ட்ரே-குண்டர்சன் என்கிற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 39 ஓட்டக்காரர்களை வைத்து ஒரு சோதனையை வெளியிட்டார்கள். 2,500 மீட்டர் உயரத்தில் தூங்கு, 1,250 மீட்டருக்கு இறங்கி வந்து ஓடு. நான்கு வாரம் அப்படிச் செய்தவர்களுக்கு 5,000 மீட்டரில் சராசரி 13 வினாடி மிச்சமானது. படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. மேலே ஊட்டி, கீழே மேட்டுப்பாளையம். நடுவில் நம்ம மலை ரயில்! (சிரிப்பு) ஆனால் அந்தச் சோதனையிலும் நான்கு வாரம்தான். அந்த நாலு வாரத்தை எந்த விஞ்ஞானியாலும் நாலு நாளாகச் சுருக்க முடியவில்லை.

கடைசியாக ஒன்று. மகாராஷ்டிரத்தில் பீட் மாவட்டம், மாண்ட்வா கிராமம். எளிய விவசாயக் குடும்பத்துப் பிள்ளை அவினாஷ் சாப்ளே. ராணுவத்தில் சேர்ந்து சியாச்சின் பனியில் காவல் நின்றவர். 2022-ல் இந்திய அரசு தன் செலவில் அவரை அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரத்துக்குப் பயிற்சிக்கு அனுப்பியது. அந்த ஆண்டு பர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டியில் 3,000 மீட்டர் ஸ்டீப்பிள்சேஸில் வெள்ளி வாங்கினார். 1998 முதல் 2018 வரை ஆறு போட்டிகளில் அந்த ஓட்டத்தின் மூன்று பதக்கத்தையும் கென்யாவே அள்ளிக்கொண்டு போயிருந்தது. அதை உடைத்தவர் நம்ம பையன். தங்கம் தவறியது வினாடியில் நூற்றில் ஐந்து பங்கில்.

இப்போ வேடிக்கையைக் கேளுங்கள். கொலராடோ ஸ்பிரிங்ஸின் உயரம் சுமார் 1,840 மீட்டர்தான். நம்ம ஊட்டியைவிட 400 மீட்டர் குறைச்சல்! பின்னே எதற்கு உலகத்தைப் பாதி சுற்றிப் போகணும்? உயரத்துக்காக மட்டும் இல்லை. அங்கே பக்கத்தில் ஓட, தன்னைவிட வேகமானவன் இருக்கிறான். பயிற்சியாளர் இருக்கிறார். அந்த ஊரை ஒட்டிய ஃபோர்ட் கார்சன் முகாமில் அமெரிக்க ராணுவம் விளையாட்டு வீரர்களுக்கென்றே ஒரு திட்டம் நடத்துகிறது. கென்யாவில் பிறந்து அமெரிக்கச் சிப்பாயாகி, 2016 ரியோ ஒலிம்பிக்கில் 5,000 மீட்டரில் வெள்ளி வாங்கிய பால் செலிமோ அந்தத் திட்டத்தில் வந்தவர். அங்கேயும் சீருடைதான்! சாப்ளேயின் உறுதியில் எனக்குச் சந்தேகம் இல்லை. சியாச்சினில் நின்றவனுக்கு நான் உறுதி கற்றுத் தரவா? ஆனால் அவர் ஓடின நாளுக்கெல்லாம் ஊரில் அடுப்பு எரிந்தது.

கென்யாவின் இட்டேனுக்கு, 2,400 மீட்டர் உயரத்து ஊருக்கு, இன்றைக்கு வெள்ளைக்காரர்கள் விமானம் பிடித்து வந்து அறை எடுத்துத் தங்கி ஓடுகிறார்கள். அந்தக் காற்றை இலவசமாகச் சுவாசிக்கிற உள்ளூர்ப் பையன், ஐரோப்பாவில் ஒரு போட்டிக்குப் போக டிக்கெட் வாங்கித் தரும் ஏஜெண்டுக்காகக் காத்து நிற்கிறான். பரிசு வாங்கினால் அதில் ஏஜெண்டுக்குப் பங்கு.

சகோதரி கேட்கக்கூடும்: "அவ்வளவு பேசுகிறீர்களே, அந்தப் பையனுக்கு நீங்கள் கொடுத்திருக்கலாமே?" நடுவர் அவர்களே, கணக்குப் பார்த்தேன். அன்றைக்கு ராத்திரி நோட்டுப் புத்தகத்தில் எழுதியே பார்த்தேன். வீட்டு வாடகை, இரண்டு பெண் குழந்தைகளின் பீஸ், அம்மாவுக்கு மருந்து. எங்கேயாவது இழுத்துப் பிடித்திருந்தால் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. அவனை மனசு தளராதே, உறுதியாக இரு என்று சொல்லி அனுப்பினேன். இன்றைக்கு எதிரணி சொல்வதைத்தான் அன்றைக்கு நானும் சொன்னேன். மாநிலப் போட்டியில் அவன் நாலாவதாக வந்தான். மறுநாள் காலையில் மண்டிக்குப் போய்விட்டான்.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார்.