பத்து லட்சம் மணி நேரம்: ஒரு வாக்குறுதியின் வரலாறு

வன்தட்டு 1956-இல் ஐபிஎம் நிறுவனத்தின் ராமாக் கணினியோடு வணிக உலகிற்கு வந்தது. அரை நூற்றாண்டுக்குப் பின், தயாரிப்பாளர்களின் விவரத்தாள்கள் அக்கருவியின் பழுதுக்கான சராசரிக் காலத்தை 10 லட்சம் மணி நேரம் அல்லது அதற்கும் மேல் எனக் குறித்தன. அது ஏறத்தாழ 114 ஆண்டுகள். வன்தட்டு என்னும் கருவிக்கே அன்று அத்தனை வயதில்லை! ஆகவே இவ்வெண் எவரும் கண்டறிந்த ஆயுள் அன்று. பல வட்டுகளைக் குறுகிய காலம் சோதித்துக் கணித்த மதிப்பீடு. அதன்படி 100 வட்டுகளில் ஆண்டுக்கு ஒன்றுகூடப் பழுதாகக் கூடாது, விகிதம் 0.88 விழுக்காடு.

இக்கணிப்பைக் களத்தரவு எதிர்கொண்ட ஆண்டு 2007. சான் ஹொசே நகரில் நடந்த ஃபாஸ்ட் மாநாட்டில், கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் பியாங்கா ஷ்ரோடரும் கார்த் கிப்சனும் சுமார் ஒரு லட்சம் வட்டுகளின் மாற்றுப் பதிவேடுகளை ஆராய்ந்து கட்டுரை வாசித்தனர். ஆண்டு மாற்று விகிதம் பெரும்பாலும் 1 விழுக்காட்டைத் தாண்டியது; 2 முதல் 4 வரை இயல்பாகக் காணப்பட்டது; சில இடங்களில் 13-ஐ எட்டியது. விலை மிகுந்த வட்டுகள் மலிவானவற்றைவிட நீடித்தன என்பதற்கும் சான்று கிட்டவில்லை.

அதே மாநாட்டில் கூகுள் ஆய்வாளர்கள் தம் தரவு மையங்களின் அனுபவத்தை முன்வைத்தனர். பழுதான வட்டுகளுள் 56 விழுக்காடு, ‘ஸ்மார்ட்’ தற்கண்காணிப்பின் முதன்மையான நான்கு குறிகளில் எதையும் முன்கூட்டிக் காட்டவில்லை. ஆனால் அவர்கள் எந்தத் தயாரிப்பாளரின் பெயரையும் வெளியிடவில்லை. 2014-இல் பேக்பிளேஸ் நிறுவனம் பெயர்களுடன் விகிதங்களை வெளியிட்டபோதுதான் அத்திரை விலகியது.

இங்கே வரலாற்று மாணவர் கவனிக்கவேண்டியது, ‘பழுது’ என்னும் சொல்லே ஒருபொருட்பட நில்லாமை. பயனர் பழுதெனத் திருப்பியனுப்பிய வட்டில் தயாரிப்பாளர் குறையேதும் இல்லை என்பார். யார், எதற்காக அளந்தார் என்னும் வினா கல்வெட்டுக்குப் பொருந்துவதுபோலவே புள்ளிவிவரத்துக்கும் பொருந்தும்.

இது ஏட்டளவிலான வாதமன்று. ஷ்ரோடரும் கிப்சனும் காட்டிய மற்றோர் உண்மை: வட்டுகளின் பழுதுகள் ஒன்றோடொன்று தொடர்பற்றவை அல்ல; ஒன்று வீழ்ந்தபின் அடுத்ததும் விரைவில் வீழும் வாய்ப்பு மிகுதி. சுவடிகளை மின்படிகளாக்கி, இரு வட்டுகளை ஒரே அறையில் வைத்துவிட்டு நிம்மதி கொள்ளும் ஆவணக்காப்பகங்கள் இதைக் கருதவேண்டும். நகல்களின் எண்ணிக்கையைவிட அவை வெவ்வேறு இடங்களில், வெவ்வேறு வகைக் கருவிகளில் இருப்பதும், அவ்வப்போது திறந்து சரிபார்க்கப்படுவதுமே பாதுகாப்பு.