பெட்டி யாருடையது?

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத்துக்குப் போகும் சாலையில், படப்பையைத் தாண்டிச் சிறிது தூரம் சென்றால் சேரப்பணஞ்சேரி வரும். அதற்கு அப்பால் ஒரகடம். ஏரிப் பாசனமும் நெல்லும்தான் ஒரு காலத்தில் இந்தச் சீமையின் பெருமை. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கம்பெனி கார் செய்யத் தொடங்கியது. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா தொழிற்சாலை வந்தது. எட்டு ஆண்டுகள் கழித்து மூடிக்கொண்டும் போயிற்று. ஒரகடத்தைச் சுற்றி மோட்டார்த் தொழிற்சாலைகள் எழும்பின. இவற்றுக்கெல்லாம் வேலைக்கு வந்த இளைஞர்கள் எங்கே படுத்துறங்குவது? ஆகவே நெல்லுக்குப் பதிலாக ஒரு புதிய பயிர் அங்கே விளையத் தொடங்கிற்று. அதன் பெயர் வாடகை அறை.

என் நண்பர் ஒருவர், பள்ளிக்கூட ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், சேரப்பணஞ்சேரியில் அப்படி ஆறு அறைகள் கட்டி விட்டிருக்கிறார். சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள் அவரைப் பார்க்கப் போயிருந்தேன். மொட்டை மாடியில் ஆறு டிஷ்கள் ஒரே திசையில் ஆகாயத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றன. கீழே ஒரு தகராறு நடந்துகொண்டிருந்தது.

முந்தைய இரவு இடி இடித்திருக்கிறது. திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்து தொழிற்சாலையில் வேலை பார்க்கும் பையன் ஒருவனுடைய அறையில், டெலிவிஷனுக்குப் பக்கத்தில் வைக்கும் சின்னப் பெட்டி உயிரை விட்டுவிட்டது. கம்பெனி அனுப்பிய மெக்கானிக் வந்து திறந்து பார்த்துவிட்டு, ரிப்பேருக்கு இவ்வளவு, வந்து பார்த்ததற்குத் தனியாக இவ்வளவு என்றான்.

"ஏங்க, ரூம் காலி பண்ணினா பெட்டியைத் திருப்பிக் கொடுக்கணும், அது கம்பெனிப் பெட்டின்னு சொல்றீங்க. மாசாமாசம் வாடகையும் கட்டுறேன். கெட்டுப் போனா மட்டும் அது எப்படிங்க என் பெட்டி ஆயிடுது?" என்று கேட்டான் பையன்.

"நான் என்னங்க பண்ணட்டும்? ஃபாரத்துல அப்படித்தான் போட்டிருக்கு" என்றான் மெக்கானிக். அவன் மீது கோபித்துப் பயனில்லை. அவனும் ஒரு வாடகை அறையில் இருப்பவன்தான்.

நண்பர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "இதே பையன் போன மாசம் ஃபேன் சுத்தலைன்னு வந்து நின்னான். என் ஃபேன், நான்தான் மாத்திக் கொடுத்தேன். பல்பு போச்சுன்னா அவன் வாங்கிக்குவான். இதை யாரும் எழுதி வைக்கலை. ஆனா இதுவரைக்கும் சண்டை வந்தது இல்லை" என்றார்.

பையன் கேட்ட கேள்வி எனக்கு மிகவும் பிடித்துப் போயிற்று. வீட்டுக்கு வந்த பிறகும் அது மனத்தை விட்டுப் போகவில்லை. அது புதிய கேள்வியா என்று பார்த்தால், இல்லை. மிகப் பழைய கேள்வி.

1872-ஆம் ஆண்டில் வந்த இந்திய ஒப்பந்தச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அப்போது டெலிவிஷன் ஏது? குதிரையும் வண்டியும்தான் உண்டு. அந்தச் சட்டத்தின் 150-ஆவது பிரிவு ஓர் உதாரணம் சொல்கிறது. ஒருவன் இன்னொருவனிடம் வண்டியை வாடகைக்கு எடுக்கிறான். வண்டி பழுதுள்ளது, ஆனால் அது வண்டிக்காரனுக்கே தெரியாது. வாடகைக்கு எடுத்தவனுக்கு அடிபடுகிறது. பொறுப்பு யாருக்கு? வண்டிக்காரனுக்குத்தான். இரவலாகச் சும்மா கொடுத்தவனென்றால், தனக்குத் தெரிந்த குறையைச் சொல்லிவிட்டால் போதும். வாடகை வாங்குகிறவனோ தனக்குத் தெரியாத குறைக்கும் ஜவாபு சொல்ல வேண்டும். எடுத்துப் போகிறவனுடைய கடமை என்ன என்பதை அடுத்த இரண்டு பிரிவுகள் சொல்கின்றன. தன் சொந்தப் பொருளைச் சாதாரண புத்தியுள்ள மனிதன் எப்படிப் பார்த்துக்கொள்வானோ, அப்படிப் பார்த்துக்கொண்டால் போதும். அதற்கு மேல் பொருளுக்குச் சேதம் வந்தால் அவன் பொறுப்பல்ல.

நண்பர் எழுதி வைக்காத சட்டமும் ஏறக்குறைய இதுதான். ஆனால் 152-ஆவது பிரிவில் ஒரு சிறிய வாசலைத் திறந்து வைத்துவிட்டார்கள். "தனி ஒப்பந்தம் ஏதும் இல்லாவிட்டால்" என்று ஒரு வாக்கியத் துண்டு அதில் இருக்கிறது. மெக்கானிக் சொன்ன ஃபாரம் அந்த வாசல் வழியாகத்தான் உள்ளே வந்தது.

இனி டெலிவிஷனுக்கு வருவோம். இங்கிலாந்தில் 1930-ல் பிரைட்டன் நகரில் 'ரேடியோ ரெண்டல்ஸ்' என்று ஒரு கம்பெனி ஆரம்பமாயிற்று. பெயருக்கேற்ப, ரேடியோவை வாடகைக்கு விடுவது அதன் தொழில். டெலிவிஷன் வந்ததும் அதையும் வாடகைக்கு விட்டார்கள். 1950-களிலும் 1960-களிலும் அந்நாட்டில் டெலிவிஷன் வைத்திருந்த குடும்பங்களில் பெரும் பகுதி அதை விலைக்கு வாங்கவில்லை, வாடகைக்கே எடுத்திருந்தது. விலை அதிகம் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், அந்தக் காலத்துப் பெட்டிகளில் இருந்த வால்வுகளும் படக்குழாயும் அடிக்கடி கெட்டுப்போகும். வாடகைக்கு எடுத்தால் ரிப்பேரும் அந்த வாடகைக்குள்ளேயே அடக்கம்.

இதில் இருக்கும் சூட்சுமத்தைக் கவனிக்க வேண்டும். பெட்டி ஒரு முறை கெட்டால் கம்பெனிக்கு ஒரு முறை நஷ்டம். ஆகையால் கெடாத பெட்டியாகப் பார்த்து வாங்கி வைப்பதில் கம்பெனிக்கே அக்கறை இருந்தது. பழுதின் செலவை யார் ஏற்கிறார்களோ, அவர்களுக்குத்தான் பழுதைத் தடுக்கும் எண்ணம் வரும். பிற்காலத்தில் பெட்டிகள் மலிவாகி, உறுதியாகவும் ஆன பிறகு, ஜனங்கள் விலைக்கே வாங்கிக்கொண்டார்கள். வாடகைத் தொழில் சுருங்கிப் போயிற்று.

நம் நாட்டில் வானத்திலிருந்து டெலிவிஷன் இறங்கியது 1975-ஆம் ஆண்டு ஆகஸ்ட் முதல் தேதி. அமெரிக்காவின் நாஸா, ஏ.டி.எஸ்-6 என்ற தன் செயற்கைக்கோளை நமக்கு ஓராண்டுக்கு இரவல் கொடுத்தது. ஆந்திரம், கர்நாடகம், ஒரிஸ்ஸா, பீகார், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் ஆகிய ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களில் டெலிவிஷன் பெட்டிகள் வைக்கப்பட்டன. ஹைதராபாத்தில் உள்ள அரசாங்க எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் அவற்றைச் செய்துகொடுத்தது. கோழிக்கூண்டுக்குப் போடுகிற கம்பி வலையை வைத்து, பத்தடி விட்டத்தில் குடை போல ஆன்டெனா அமைத்தார்கள். பெட்டி சர்க்காருடையது, பழுது பார்ப்பதும் சர்க்காரின் பொறுப்பு. பார்க்க வந்து உட்கார்ந்த விவசாயியிடம் யாரும் கட்டணம் கேட்கவில்லை.

கொழும்பில் வசித்த எழுத்தாளர் ஆர்தர் கிளார்க்கின் வீட்டிலும் நம் எஞ்சினீயர்கள் அதே ஆண்டில் ஒரு ஆன்டெனா நிறுவினார்கள். பூமியோடு சேர்ந்து சுழலும் செயற்கைக்கோள்கள் மூலம் உலகெங்கும் செய்தி பரப்பலாம் என்று 1945-லேயே எழுதியவர் அவர். இலங்கையில் டெலிவிஷன் நிலையம் ஏற்பட்டது 1979-ல்தான்.

இரவலுக்கு ஓர் எல்லை உண்டல்லவா? 1976-ஆம் ஆண்டு ஜூலை 31-ஆம் தேதியோடு தவணை முடிந்தது. சொந்தக்காரர் தம் செயற்கைக்கோளை எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொள்ளும் உரிமை அவருக்கு இருந்தது என்பதில் யாருக்கும் ஐயமில்லை. ஆனால் அந்த ஓராண்டும் அதைக் கவனித்துக்கொண்ட பொறுப்பும் அவருடையதாகவே இருந்தது. உரிமையும் கடமையும் ஒரே கையில் இருந்தன.

நம் வீடுகளிலேயே இதற்கு வேறொரு சாட்சி உண்டு. தபால் தந்தி இலாகாவின் கறுப்பு டெலிபோன் பலருக்கு நினைவிருக்கும். கருவி இலாகாவினுடையது, நாம் கட்டியது வாடகை. கெட்டுப்போனால் லைன்மேன் எப்போது வருவார் என்பது அந்த ஆண்டவனுக்கே வெளிச்சம். ஆனால் வந்து சரிசெய்துவிட்டு அவர் ரிப்பேர் பில் நீட்டியதில்லை. தாமதம் ஒரு குற்றம். கணக்கில் குழப்பம் இல்லை.

பிறகு 1990-களில் கேபிள் வந்தது. பெரிய டிஷ் கேபிள்காரருடைய மாடியில் இருந்தது. நம் வீட்டுக்கு வந்தது ஒரு கம்பி மட்டுமே. கம்பி அறுந்தால் பையனை அனுப்பிக் கட்டிவிடுவார். கட்டாவிட்டால் அடுத்த மாதம் பணம் தர மாட்டோம் என்பது அவருக்குத் தெரியும்.

குழப்பம் தொடங்கியது டிஷ் நம் மாடிக்கு ஏறிய போதுதான். வீட்டுக்கு நேரே செயற்கைக்கோள் ஒளிபரப்பைப் பெறுவதை 1997-ல் தடை செய்திருந்த மத்திய சர்க்கார், 2001-ல் அதற்கு விதிமுறைகள் வகுத்து அனுமதி தந்தது. 2003-ல் டிஷ் டி.வி., 2004-ல் தூர்தர்ஷனின் இலவசச் சேவை, 2006-ல் டாடா ஸ்கை, 2007-ன் இறுதியில் சன் டைரக்ட் என்று வரிசையாக வந்தன. ஜனங்களை இழுப்பதற்காகக் கம்பெனிகள் பெட்டியை அடக்க விலைக்கும் குறைவாகக் கொடுத்தன. குறைத்துக் கொடுத்ததனால் பெட்டியை முழுக்க விட்டுவிட மனம் வரவில்லை. பாதி விற்பனை, பாதி வாடகை என்று ஒரு புதிய பிறவி உண்டாயிற்று. திரும்பக் கேட்கும்போது அது வாடகைப் பெட்டி. கெடும்போது அது விற்ற பெட்டி.

இதில் பழுது எங்கே வரும் என்பதும் சுலபமான விஷயமல்ல. டிஷ்ஷின் மூக்கில் இருக்கும் எல்.என்.பி.யில் மழைத் தண்ணீர் இறங்கலாம். மின்னழுத்தம் ஏறி அடாப்டர் எரியலாம். பெருமழை பெய்தால் ஒன்றுமே கெடாமல் படம் மட்டும் மறையும். மேகம் கலைந்ததும் தானே வரும். சில வேளை பழுது பூமியிலேயே இருப்பதில்லை. 2010 ஜூலையில், முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் உயரத்தில் இருந்த இன்சாட்-4பி செயற்கைக்கோளில் மின்சக்தி குறைந்து, அதன் டிரான்ஸ்பாண்டர்களில் பாதி நிறுத்தப்பட்டன. சன் டைரக்ட் வேறொரு செயற்கைக்கோளுக்கு மாற நேர்ந்தது; மாடி மாடியாக ஏறி டிஷ்களைத் திருப்பி வைக்க வேண்டியதாயிற்று. அந்தப் பழுதுக்கு எந்தச் சந்தாதாரர் காரணம்?

டெலிவிஷன் கட்டணங்களைக் கண்காணிக்கும் டிராய் என்னும் ஆணையம் 2007-ல் இந்தச் சேவைக்கென்று தர விதிகள் வெளியிட்டது. 2017-ல் இன்னும் விரிவாக வெளியிட்டது. பெட்டியை விலைக்கு வாங்கினால் குறைந்தது ஓராண்டு வாரண்டி. முத்திரையை உடைத்து நாமே நோண்டினால் வாரண்டி போயிற்று. பொருத்தும் கூலி 350 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. இணைப்பைத் துவக்க 100 ரூபாய். டிஷ் சேவையில் மெக்கானிக் வந்து பார்க்க 250 ரூபாய். இவை உச்சவரம்புகள். 2024 ஜூலையில் இந்த வரம்புகளை ஆணையம் எடுத்துவிட்டது. கம்பெனிகள் தாங்களே கட்டணம் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதை எல்லோரும் அறிய வெளியிட வேண்டும். போட்டி இருக்கிறது, ஆகவே கட்டணம் தானே அடங்கும் என்பது இதற்குச் சொல்லும் நியாயம். போட்டி உண்டுதான். ஆனால் மாடியில் ஒரு டிஷ்ஷும் அறையில் ஒரு பெட்டியும் வைத்த பிறகு, பையன் எத்தனை கடை ஏறி இறங்குவான்?

இன்னொரு சட்டமும் இருக்கிறது. 2020 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்பதைத் தனியாகவே எடுத்துச் சொல்கிறது. மாநில ஆணையத்தில் முறையிட வழி செய்கிறது. 1872-ல் திறந்து வைத்த வாசலுக்கு ஏறக்குறைய 150 ஆண்டுகள் கழித்து ஒரு கதவு போட்டிருக்கிறார்கள். ஆனால் ஒரு பெட்டியின் ரிப்பேர்க் கூலிக்காக ஷிப்டை விட்டுவிட்டுச் சென்னைக்குப் போகிறவர் யார்? தொகை சின்னது என்பதுதான் கம்பெனிக்கு இருக்கும் பெரிய பாதுகாப்பு.

சேரப்பணஞ்சேரிப் பையன் சென்னைக்குப் போகவில்லை. நண்பர்தான் அந்த ஃபாரத்தை வாங்கி, பரீட்சைத் தாள் திருத்துகிற சிரத்தையோடு பூதக்கண்ணாடி வைத்துப் படித்தார். ஓரிடத்தில் 'இந்தக் கருவி கம்பெனியின் சொத்து' என்றிருந்தது. மறுபக்கத்தில் 'பழுதின் செலவு சந்தாதாரரைச் சாரும்' என்றிருந்தது. இரண்டின் கீழும் சிவப்பு மையால் கோடிட்டு, "இவ்விரண்டில் எது சரி என்று தயவுசெய்து தெரிவிக்கவும்" என்று ஒரே வரி எழுதி, பையனிடம் கையெழுத்து வாங்கி அனுப்பினார்.

பதில் கடிதம் வரவில்லை. பத்து நாள் கழித்து வேறு பெட்டி வந்தது. ரிப்பேர்க் கூலி கேட்கவில்லை. வந்து பார்த்த கூலியை மட்டும் வாங்கிக்கொண்டு போனார்கள்.

"பாதி மார்க்குதான்" என்றார் நண்பர். "ஆனாலும் பெட்டி யாருடையதுன்னு ஒத்துக்கிட்டாங்களே!"