குச்சி பொறுக்கிய கைகள்

2019இல் டேனியல் வெஸ்ட் என்பவர் ஒரு மெஷின் செய்தார். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட லெகோ கட்டைகளால் ஆனது. உள்ளே ஒரு கேமரா, ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினி. கலந்து கொட்டுற கட்டைகளை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு 18 வாளிகளில் பிரித்துப் போடும்.

பார்த்தா ஆச்சரியம்தான். ஆனா இரத்தினபுரி, கேகாலைத் தோட்டக்காரங்களுக்கு இந்த வேலை புதுசில்ல. தேயிலை ஸ்டோரில் காய்ந்த தூளைச் சல்லடை அளவு பார்த்துப் பிரிக்கும். அதில் மிஞ்சும் குச்சியையும் நாரையும் ஒரு காலத்தில் பெண்கள் கையால் பொறுக்கினார்கள். பிறகு பிளாஸ்டிக் உருளைகள் வந்தன; உரசலில் மின்னேறி நாரை இழுத்துக்கொள்ளும். அப்புறம் கலர் சோர்ட்டர்: கேமரா நிறம் பார்க்கும், காற்று ஊதித் தள்ளும்.

ஒவ்வொன்றாக்குவது, பார்ப்பது, தள்ளுவது. லெகோ மெஷினும் இதைத்தான் செய்யுது. மூன்றையும் ஒரே விரலசைவில் செய்தவங்களுக்கு செக்ரோலில் ‘பேர்’ விழுந்தது. தேயிலை வரலாற்றில் பேர் இல்ல.

ஆர்டுயினோ வாங்கி வீட்டிலேயே ஒரு மெஷின் செய்யப் போறீங்களா? செய்யுங்க. முதல்ல அம்மாயிகிட்ட கேட்டு எழுதி வைங்க: எது குச்சி, எது இலைன்னு கைக்கு எப்படித் தெரிஞ்சுது?