‘பெரும்பகுதி’ என்ற சொல்லும் வேலையிழந்தோரும்: அமெரிக்காவின் வணிக இசைவாக்க உதவி, 1962–2022

1962 அக்டோபர் 11 அன்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜான் எஃப். கென்னடி வணிக விரிவாக்கச் சட்டத்தில் கையொப்பமிட்டார். இறக்குமதித் தீர்வைகளைப் பாதியளவு வரை குறைப்பதற்கான பேச்சுவார்த்தை அதிகாரத்தை அச்சட்டம் அவருக்கு வழங்கியது. அதனுள் புதியதோர் ஏற்பாடும் இருந்தது. தீர்வைக் குறைப்பால் பெருகும் இறக்குமதி ஒரு தொழிலாளியின் வேலையைப் பறிக்குமானால், அவருக்கு அரசு உதவித்தொகையும் மறுபயிற்சியும் அளிக்க வேண்டும் என்பதே அது. ‘இசைவாக்க உதவி’ என்று அதற்குப் பெயரிட்டனர். ஆனால் அடுத்த ஏழு ஆண்டுகளில் ஒரு தொழிலாளிக்குக்கூட அவ்வுதவி கிட்டவில்லை. முதல் மனு ஏற்கப்பட்டது 1969 நவம்பரில்தான். நிதிப் பற்றாக்குறை இதற்குக் காரணமன்று. சட்டத்தின் சொற்களே காரணம்.

இக்கருத்தின் தொடக்கம் 1954-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அயல்நாட்டுப் பொருளாதாரக் கொள்கையை ஆராய்ந்த ராண்டல் ஆணையத்தில் எஃகுத் தொழிலாளர் சங்கத் தலைவர் டேவிட் மெக்டொனால்ட் இதனை முன்மொழிந்தார். தாராள வணிகத்தின் நன்மை நாடு முழுவதும் பரவுகிறது. இழப்போ சில ஆலைகளின் மீதும் சில ஊர்களின் மீதும் குவிகிறது. ஆகவே நன்மை பெறுவோர் இழப்புக்கு ஈடு செய்ய வேண்டும் என்பது இதன் அடிப்படை. ஆணையம் இதனை ஏற்கவில்லை. அப்போது செனட் உறுப்பினராக இருந்த கென்னடி அதனை மசோதாவாகக் கொண்டுவந்தார். 1962-இல் தொழிற்சங்கக் கூட்டமைப்பு தீர்வைக் குறைப்பை ஆதரித்ததற்கு இவ்வாக்குறுதி ஒரு முதன்மைக் காரணம்.

அச்சட்டத்தின்படி மனுதாரர் இரண்டு கண்ணிகளை மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. இறக்குமதி பெருகியதற்கு ‘பெரும்பகுதி’ காரணம் தீர்வைச் சலுகை என்பது முதலாவது. வேலையிழப்பிற்கு ‘பெருங்காரணி’ அந்த இறக்குமதி என்பது இரண்டாவது. மனுக்களை விசாரித்த தீர்வை ஆணையம், ஏனைய காரணங்கள் அனைத்தையும் கூட்டினாலும் அவற்றைவிட மிகுந்திருக்கும் காரணமே ‘பெருங்காரணி’ என்று பொருள்கொண்டது. ஓர் ஆலை மூடப்படுவதில் பழைய இயந்திரங்கள், மாறும் நுகர்வோர் விருப்பம், உள்நாட்டுப் போட்டி, மேலாண்மைத் தவறு எனப் பல காரணங்கள் பின்னிக் கிடக்கும். அவற்றுள் ஒன்று மற்றெல்லாவற்றின் கூட்டுத்தொகையையும் விஞ்சியது என்று நிறுவுவது ஏறத்தாழ இயலாத செயல். சட்டம் உதவியை வாக்களித்தது. அதன் சொல்லாட்சி அதனை மறுத்தது.

1960-களின் இறுதியில் காலணி, ஆடை, மின்னணுப் பொருள்களின் இறக்குமதி பெருகியபோது தொழிற்சங்கங்கள் தம் நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டன. இசைவாக்க உதவி வெறும் ‘ஈமச்சடங்குக் காப்பீடு’ என்று அவை எள்ளின. 1970-களின் தொடக்கத்தில், இறக்குமதிக்கு வரம்பு விதிக்க முயன்ற பர்க்–ஹார்ட்கே மசோதாவை அதே கூட்டமைப்பு ஆதரித்தது.

இந்தப் பின்னணியில் உருவானதே 1974-ஆம் ஆண்டின் வணிகச் சட்டம். தீர்வைச் சலுகை என்னும் முதற்கண்ணியை அது நீக்கியது. ‘பெருங்காரணி’ இருந்த இடத்தில் ‘முக்கியமாகப் பங்களித்தது’ என்ற தொடரை வைத்தது. அத்தொடருக்கு விளக்கமும் தந்தது: காரணம் முக்கியமானதாக இருந்தால் போதும், வேறெந்தக் காரணத்தையும்விட முக்கியமானதாக இருக்க வேண்டியதில்லை. முடிவெடுக்கும் பொறுப்பு தொழிலாளர் துறைக்கு மாறியது. 1980-இல் மோட்டார் வாகனத் தொழில் சரிந்தபோது இம்மாற்றத்தின் விளைவு வெளிப்பட்டது. அவ்வாண்டில் 5 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் உதவித்தொகை பெற்றனர். செலவு ஏறத்தாழ 160 கோடி டாலர். மறு ஆண்டே ரீகன் அரசு தொகையைச் சாதாரண வேலையின்மைக் காப்பீட்டின் அளவிற்குக் குறைத்தது. அக்காப்பீடு தீர்ந்த பின்னரே இது வழங்கப்படும் என்றும் விதித்தது. 1988 முதல் பயிற்சியில் சேர்வது உதவி பெறுவதற்கான நிபந்தனையாயிற்று.

பின்னர் வழக்கு ‘பொருள்’ என்ற சொல்லின் மீது எழுந்தது. வேலையிழந்தோர் ‘பொருள்’ உற்பத்தியில் ஈடுபட்டவராக இருக்க வேண்டும் என்றது சட்டம். இந்தியா போன்ற நாடுகளுக்குப் பணிகள் இடம்மாறியதால் வேலையிழந்த மென்பொருள் வல்லுநர்கள் 2000-களில் மனுச் செய்தபோது, வட்டில் பதியாத மென்பொருள் ‘பொருள்’ ஆகாது என்று தொழிலாளர் துறை மறுத்தது. பன்னாட்டு வணிக நீதிமன்றத்தில் வழக்குகள் நடந்தன. 2006-இல் துறை தன் விளக்கத்தை மாற்றிக்கொண்டது. சேவைத் துறைப் பணியாளர்கள் அனைவருக்கும் வழி திறந்தது 2009-ஆம் ஆண்டின் திருத்தம்தான்.

சொல்லுக்குப் பொருள்கொள்வோரும் மனிதர்களே. பொருளியலாளர் பெஞ்சமின் ஹைமன் 2018-இல் வெளியிட்ட ஆய்வு, ஒரேவகை மனுக்களைச் சில விசாரணை அலுவலர்கள் தாராளமாகவும் சிலர் கடுமையாகவும் மதிப்பிட்டதைப் பயன்படுத்தி, உதவியின் விளைவை அளந்தது. ஒப்புதல் பெற்றோர் அடுத்த பத்தாண்டுகளில் ஏறத்தாழ 50,000 டாலர் கூடுதலாக ஈட்டினர். அதாவது ‘முக்கியமாக’ என்ற ஒரே வினையடையை எந்த அலுவலர் படித்தார் என்பது ஒரு குடும்பத்தின் பத்தாண்டு வாழ்வை மாற்றியிருக்கிறது.

மனுவே செய்யாதவர்கள் மிகப் பலர். சீன இறக்குமதியின் தாக்கத்தை ஆராய்ந்து டேவிட் ஆட்டர், டேவிட் டோர்ன், கார்டன் ஹான்சன் ஆகியோர் 2013-இல் வெளியிட்ட கட்டுரை இதனைத் தெளிவாக்கியது. பாதிக்கப்பட்ட பகுதிகளில் அரசு வழங்கிய தொகைகள் உயர்ந்தன. ஆனால் உடற்குறை உதவித்தொகையின் வழியே சென்ற கூடுதல் பணம் இசைவாக்க உதவியைப் போலப் பன்மடங்கு. வேலையிழந்தவர்கள் நோயாளிகளாகப் பதிவாயினர்.

2015 ஜூனில் இத்திட்டம் அரசியல் பகடைக்காயாகவும் ஆயிற்று. வணிகப் பேச்சுவார்த்தை அதிகாரத்தைத் தடுக்க வேண்டி, திட்டத்தின் பழைய ஆதரவாளர்களான ஜனநாயகக் கட்சியினரே அதற்கு எதிராக வாக்களித்தனர். அம்மாத இறுதியில் அது மீண்டும் நிறைவேறியது. 2022 ஜூலை 1-இல் காலாவதியானது. அதன்பின் புதிய மனுக்களுக்கு ஒப்புதல் இல்லை.

இந்தியச் சட்ட மரபு வேறு வகையானது. 2025 வரை நடைமுறையில் இருந்த தொழிற்தகராறுச் சட்டத்தின்படி ஆட்குறைப்பு இழப்பீடு என்பது பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியமாக இருந்தது. ஆட்குறைப்பிற்கு இறக்குமதி காரணமா என்று அது கேட்கவில்லை. ஆயினும் அச்சுமை நிறுவனத்தின் மீதே விழுந்தது. நிறுவனம் நொடித்துவிட்டால் தொழிலாளி காத்திருக்க வேண்டியிருந்தது. 1992-இல் தொடங்கிய தேசியப் புதுப்பிப்பு நிதி மறுபயிற்சியையும் நோக்கமாகக் கொண்டிருந்தாலும், அதன் பெரும்பங்கு பொதுத்துறையின் விருப்ப ஓய்வுக்கே சென்றது. அது 2000-இல் கைவிடப்பட்டது. இறக்குமதி அளவுக் கட்டுப்பாடுகளின் இறுதித் தொகுதி 2001 ஏப்ரல் 1-இல் நீக்கப்பட்டது.

‘இசைவாக்கம்’ என்னும் தொழிற்பெயருக்கு வினைமுதல் யார் என்று கேட்டால், தொழிலாளி என்றே விடை வரும். வணிகக் கொள்கையை வகுப்பது அரசு. அதற்கு இசைய வேண்டியவர் அவர். தம் இழப்பிற்குக் காரணம் எது என்று மெய்ப்பிக்க வேண்டியவரும் அவரே. அமெரிக்காவின் அறுபதாண்டு அனுபவத்தில் சில சீர்திருத்தங்கள் மெய்ப்பிக்கும் இச்சுமையைச் சற்றுக் குறைத்தன. சுமையை அவரிடமிருந்து எடுத்துவிடவில்லை. காரணம் எதுவாயினும் வேலையிழந்தவருக்கு ஒரே வகை உதவி என்ற மாற்றுவழியை எந்த நாடு எண்ணிப் பார்த்தாலும், 1962 முதல் 1969 வரையிலான அந்த ஏழு ஆண்டுகளிலிருந்து தொடங்குவது நன்று.